ஒரு தெரு யாருக்கு ஓட்டுப் போட்டதென்று அடுத்தவனுக்கு ஏன் தெரியணும்?

ஓட்டு ரகசியமானது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எண்ணூறு ஓட்டு உள்ள கிராமத்தில் வந்து அதைச் சொல்லிப் பாருங்கள். ரிசல்ட் வந்த மறுநாளே "கீழத்தெரு நமக்குப் போடலை" என்று பேச்சு கிளம்பிவிடும். அதைச் சொல்கிறவர் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை, கையில் கணக்கை வைத்துக்கொண்டு சொல்கிறார். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது தேர்தல் நடைமுறையேதான். வயிறு எரிவது அதனால்தான்.

வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாக இருக்கும். ஒரு பாகத்துக்கு ஒரு பூத். பாகத்துக்குள்ளே தெருவாரியாகப் பிரித்திருப்பார்கள். நம் கிராமங்களில் தெரு என்றால் சாதி என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுப்பதிவு அன்று பூத் ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் வந்தவர் பெயரையெல்லாம் டிக் அடித்துவிடுகிறார்கள். பதிவு முடிந்ததும் 17சி படிவத்தில் மொத்த ஓட்டு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். எண்ணும் நாளில் அந்த பூத்தின் கண்ட்ரோல் யூனிட், அதாவது ஓட்டுகள் பதிந்திருக்கும் மெஷின், மேசைக்கு வருகிறது. சீலைச் சரிபார்த்து ரிசல்ட் பொத்தானை அமுக்கினால், வேட்பாளர் வாரியாக எண்கள் வரிசையாக வருகின்றன. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகள் குறித்துக்கொள்கிறார்கள். அப்படியே தவறவிட்டாலும் பூத் வாரியான முழுக் கணக்கும் பின்னால் படிவம் 20 ஆக வெளியாகிறது.

உதாரணத்துக்கு ஒரு பூத்தில் 810 ஓட்டு பதிவாகியிருக்கிறது, அதில் மேலத்தெரு 480, காலனி 330 என்று வையுங்கள். ஒருவருக்கு 466, இன்னொருவருக்கு 322 விழுந்தால் கதை முடிந்தது. எந்தத் தெரு எந்தப் பக்கம் என்று அடித்துச் சொல்லிவிடுவார்கள். தனி ஆள் யாருக்குப் போட்டார் என்று மெஷின் சொல்லாது, உண்மைதான். ஆனால் தெருவைச் சொன்னாலே போதுமே, பழிவாங்குகிறவனுக்கு ஆள் பெயர் எதற்கு?

பழிவாங்குவதும் அரிவாளோடு வந்து நிற்பதில்லை. ஃபியூஸ் போன தெருவிளக்கு மாதக்கணக்கில் மாற்றப்படாது. போர் மோட்டார் எரிந்தால் காயில் கட்டக் கொண்டுபோனவர்கள் திரும்ப வரமாட்டார்கள். வீடு கட்டும் திட்டத்தில் பெயர் கடைசிக்குத் தள்ளப்படும். நூறு நாள் வேலையில் கிழவிகளைத் தூரத்துக் கண்மாய்க்கு நடக்க விடுவார்கள். கேட்டால் ஃபண்டு இல்லை என்று பதில். அந்தத் தெருவிலேயே ஜெயித்தவருக்குப் போட்ட இருபது பேரும் அதே இருட்டில்தான் நடக்கிறார்கள்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் இந்தக் கணக்கை நம்பித்தான். பாகத்தை வைத்துத் தலையெண்ணிப் பணம் இறக்குகிறார்கள். இத்தனை ஓட்டுக்குக் கொடுத்தோம், விழுந்தது பாதிதான் என்று பூத் பொறுப்பாளரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது படிவம் 20ஐப் பார்த்துத்தான். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, கோயில் திருப்பணிக்கு இவ்வளவு, சமுதாயக்கூடத்துக்கு இவ்வளவு என்று பேசி, ஊர் ஓட்டு மொத்தத்தையும் ஒரே ஆளுக்கு எழுதிக் கொடுக்கிறார்களே, அதுவும் இப்படித்தான். சரக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வழியில்லை என்றால் எவன் முன்பணம் கொடுப்பான்?

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. ஓட்டுச்சீட்டுக் காலத்தில், மிரட்டலுக்கு வாய்ப்புள்ள தொகுதிகளில் பல பெட்டிச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணச் சொல்ல 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 59ஏ இருந்தது. மெஷின் வந்தபோது அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிக்கும் மெஷின் வந்துவிட்டது. மெஷினிலும் கலக்க முடியும். டோட்டலைசர் என்ற கருவியில் 14 பூத் மெஷின்களைச் சேர்த்து இணைத்தால் மொத்தக் கூட்டுத்தொகை மட்டும் வரும். தேர்தல் ஆணையம் 2008லேயே இதைக் கேட்டது. சட்ட ஆணையம் 2015 மார்ச்சில் கொடுத்த 255வது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பூத் வாரியாகத் தெரிந்தால்தான் எங்கே பின்தங்கியிருக்கிறோம், எங்கே இன்னும் வேலை செய்ய வேண்டும் என்று கட்சிகளுக்குப் புரியும் என்பது சொன்ன காரணம். காலனிக்காரர் பயமில்லாமல் ஓட்டுப் போடுவதைவிடக் கட்சிக்காரர் வசதி பெரிதா? இதைப் படிக்கும்போது ரத்தம் கொதிக்கிறது.

பூத் வாரிக் கணக்கு இல்லாவிட்டால் தில்லுமுல்லு நடந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பதினான்கு பூத்தின் 17சி மொத்தத்தைக் கூட்டி டோட்டலைசர் மொத்தத்தோடு ஒப்பிட்டால் ஒரு ஓட்டு குறைந்தாலும் தெரிந்துவிடும். மெஷின்களும் சீல் வைத்தபடி இருக்கும். வழக்கு வந்தால் நீதிமன்றம் திறந்து பார்க்கட்டும், உள்ளூர்க் கிளைச் செயலாளர் எதற்குப் பார்க்க வேண்டும்?

இதற்கு நாடாளுமன்றம் புதுச் சட்டம் போடக்கூட வேண்டாம். ஆணையத்தைக் கலந்து மத்திய அரசு 1961 விதிகளைத் திருத்தினால் போதும். 2024 டிசம்பர் 9 அன்று ஹரியானா தேர்தலின் சிசிடிவி பதிவு உள்ளிட்ட ஆவணங்களைக் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பர் 20 அன்று, அப்படி எல்லா ஆவணத்தையும் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டியதில்லை என்று அதே 1961 விதிகளில் 93வது விதி திருத்தப்பட்டுவிட்டது. பதினோரு நாள். டோட்டலைசர் 2008லிருந்து கிடப்பில் கிடக்கிறது.