வட்டை அழிக்கும் முன் தொடக்கக் கோப்பைத் திறந்து பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த முதியவர்களின் குரல் பதிவுகளையும் லயத்து (தொழிலாளர் வரிசை) வீடுகளின் பழைய படங்களையும் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் தமிழிலேயே பெயரிடுவது என் வழக்கம். சென்ற மாதம் என் பழைய மேக் மடிக்கணினியின் இயங்குதளத்தை மொஹாவே பதிப்பிலிருந்து கேட்டலினா பதிப்புக்கு மேம்படுத்தினேன். மறுநாள், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறந்து கோப்புகளின் பட்டியலைக் கேட்டபோது, ‘பெரட்டு’ (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) என்ற கோப்புறையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 21 கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. அந்தப் பட்டியலில் பெயர் இருந்த முதியவர்களில் பலர் இன்று உயிருடன் இல்லை. அவர்கள் பெயர் கேள்விக்குறியாக நிற்பதைப் பார்த்தபோது நெஞ்சு பதறியது.

பழுது பார்க்கும் கடையொன்றில் கேட்டேன். வட்டை முழுவதும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே வழி என்றார்கள். இந்த அறிவுரை நம் ஊர்களில் எவ்வளவு எளிதாக வழங்கப்படுகிறது என்பதே இப்பதிவை எழுதத் தூண்டியது. மேம்படுத்தலுக்குப் பின் டெர்மினலில் தோன்றும் கோளாறுகளில் பல, கணினி கெட்டுப்போனதால் வருவதில்லை. நம் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் என்ற நிரல், தான் தொடங்கும்போது படிக்கும் ‘தொடக்கக் கோப்பில்’ நாம் எழுதி வைத்த அமைப்புகளைப் படிக்காமல் போனதால் வருகின்றன என்பதே என் கருத்து.

என் கணினியில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டலினா வெளிவந்த 2019 முதல் மேக்கின் இயல்பான ஷெல், பேஷ் அல்ல, இசட்ஷெல். மேம்படுத்தல் பழைய பயனர்களின் ஷெல்லைத் தானாக மாற்றுவதில்லை. மாற்றிக்கொள்ளும் கட்டளையைத் திரையில் காட்டுகிறது, அவ்வளவே. அந்த அறிவிப்பைக் கண்ட என் அக்காள் மகன், நல்லெண்ணத்தோடு அதை அப்படியே தட்டச்சு செய்துவிட்டான். பேஷ் படித்துவந்த ‘பேஷ் புரொஃபைல்’ என்ற தொடக்கக் கோப்பை இசட்ஷெல் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எழுத்துகள் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் உள்ளன என்று சொல்லும் மொழி அமைப்பு வரி அந்தக் கோப்பில்தான் இருந்தது; டெர்மினல் தானாகவே அதை அமைக்கும் தேர்வை நான் என்றோ அணைத்திருந்தேன். அந்த வரி இல்லாதபோது பட்டியலிடும் நிரல் தமிழை எழுத்தாக அறியாது, கணினி சேமிக்கும் சிறு அலகுகளான பைட்டுகளாகவே எண்ணும். ‘பெரட்டு’ யூனிகோடில் ஏழு குறியீடுகள், குறியீட்டுக்கு மூன்று பைட்டு, ஆக 21. பெயர்களுக்கு எந்தச் சேதமும் நேரவில்லை.

எந்த ஷெல்லில் இருக்கிறோம் என்பதை முதலில் அறிய வேண்டும். ‘எக்கோ’ எழுதி, இடைவெளி விட்டு, டாலர் குறியும் சுழியமும் இட்டால் விடை வரும். பெயருக்கு முன் சிறு கோடு இருந்தால் அது உள்நுழைவு ஷெல். இந்தக் கோடு அற்பமானதன்று. மேக் டெர்மினல் ஒவ்வொரு சாளரத்தையும் உள்நுழைவு ஷெல்லாகத் திறக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இயல்பாக அப்படியில்லை. ஆகவே பேஷ் அங்கே ‘பேஷ்ஆர்சி’யைப் படிக்கும், இங்கே ‘பேஷ் புரொஃபைலை’ப் படிக்கும்.

இதை நான் விளக்கியதும், அக்காள் மகன் பழைய கோப்பு முழுவதையும் இசட்ஷெல்லின் தொடக்கக் கோப்பான ‘இசட்எஸ்எச்ஆர்சி’யில் ஒட்டிவிட்டான். தமிழ்ப் பெயர்கள் திரும்பின. ஆனால் ‘ஷாப்ட்’ என்ற கட்டளை இல்லை என்று பிழை வந்தது, ஏனெனில் அது பேஷுக்கே உரியது. கட்டளை வரியின் தொடக்கத்தில் பயனர் பெயர் வர வேண்டிய இடத்தில் சாய்கோடும் எழுத்துகளும் அப்படியே அச்சாகின, ஏனெனில் இசட்ஷெல் அங்கே விழுக்காட்டுக் குறியை எதிர்பார்க்கிறது.

என்னை அதிகம் அலைக்கழித்தது பாதை அமைப்பு, அதாவது நிரல்களை எந்தெந்தக் கோப்புறைகளில் எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல். என் படங்களை லினக்ஸ் கணினிக்குப் பிரதியெடுக்க ஆர்சிங்க் என்ற நிரலைப் பயன்படுத்துகிறேன். ‘கொ’ போன்ற எழுத்தின் உயிர்க்குறியைப் பழைய மேக் வட்டு வடிவம் இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் அவ்வாறு செய்யாது. பெயர்களை ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாற்றித் தரும் ‘ஐகான்வ்’ தேர்வு ஆர்சிங்க் 3 முதல்தான் உண்டு. அந்தப் புதிய பதிப்பை என் சொந்தக் கோப்புறையில் வைத்து, அதன் பாதையை முதலிடத்தில் வைக்கும்படி இசட்ஷெல்லின் மற்றொரு தொடக்கக் கோப்பான ‘இசட்எஸ்எச்என்வி’யில் எழுதினேன். இருந்தும் அப்படியொரு தேர்வே தெரியாது என்றது கணினி. ஒரு நிரல் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் ‘டைப்’ கட்டளையை ‘ஏ’ தேர்வோடு கொடுத்தபோது, கேட்டலினாவுடன் வரும் பழைய ஆர்சிங்க் 2.6.9 முன்னால் நின்றது. இசட்ஷெல் முதலில் ‘இசட்எஸ்எச்என்வி’யைப் படிக்கிறது, அதற்குப் பின் மேக்கின் பொதுவான ‘இசட்புரொஃபைல்’, ‘பாத் ஹெல்ப்பர்’ என்ற நிரலை இயக்கிக் கணினியின் பாதைகளை முன்னே கொண்டுவந்து நம்முடையதைப் பின்னே தள்ளிவிடுகிறது. வரியை என் சொந்த ‘இசட்புரொஃபைலுக்கு’ மாற்றினேன், சரியாகிவிட்டது. இரண்டு மாலைகள் இதற்கே போயின.

இசட்ஷெல்லைச் சிறிய ‘எஃப்’ தேர்வோடு தொடங்கினால் நம் தொடக்கக் கோப்புகள் எதையும் படிக்காது. அப்போது கோளாறு மறைந்தால், குற்றம் நம் வரிகளில் இருக்கிறது. ‘எக்ஸ்’ தேர்வோடு தொடங்கினால் ஒவ்வொரு வரியும் நிறைவேறுவதைக் காட்டும். கோப்பைத் திருத்தும்போது, சரியாக இயங்கும் சாளரம் ஒன்றை மூடாமல் வைத்திருங்கள். தவறு நேர்ந்தால் அதிலிருந்தே திருத்திவிடலாம்.

இப்போது நானும் அவனும் சேர்ந்து, ஒவ்வொரு வரிக்கும் மேலே அது ஏன் இருக்கிறது என்பதைத் தமிழில் குறிப்பாக எழுதியிருக்கிறோம். பழைய கோப்பின் 41 வரிகளில் 14-க்கு மட்டுமே எங்களால் காரணம் எழுத முடிந்தது. மற்றவை எங்கிருந்தோ ஒட்டப்பட்டவை. அவற்றை வேறொரு கோப்பில் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகியும் அவற்றில் எதுவும் தேவைப்படவில்லை.