குயாஷ் என்பது குழம்பு இல்லை

புடாபெஸ்ட் படங்களைப் போட்டதிலிருந்து உள்பெட்டியில் ஒரே கேள்விதான். "நடந்துகொண்டே சாப்பிட ஒரு டூர், அதற்கு அவ்வளவு காசா? நாலு வீடியோ பார்த்தால் எங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடுமே?" ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி மாளவில்லை. பொதுவில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் வரை நானும் இதே கட்சிதான். மூன்று மாதம் எங்களோடு இருக்க வியன்னா வந்திருந்த மாமனாரை ரயிலில் கூட்டிப் போயிருந்தேன். அவர் எதையும் சாப்பிடுவார், தண்ணி மட்டும் தொடமாட்டார். சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் ஒரு தெருவில், வாசலில் படம் போட்ட மெனு வைத்திருந்த கடைக்குள் நுழைந்து "குலாஷ்" என்று கேட்டேன். பசைபோல ஒரு சிவப்புக் குழம்பு வந்தது. நடுவில் மெல்ல முடியாத நாலு கறித்துண்டு, பக்கத்தில் கொஞ்சம் சோறு. பில்லைப் பார்த்ததும் மாமனார், "மாப்ள, இதுக்கு நம்ம ஊர்ல ஒரு கிடாவே வாங்கிரலாம்ல" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, டானூப் கரையில் பச்சை நிறச் சுதந்திரப் பாலத்துக்கு எதிரே, பெரிய சந்தைக் கூடத்தின் வாசலில் டூருக்காகப் போய் நின்றோம். 1897இல் திறந்த கட்டடம். சமு பெட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. கூரை முழுக்க வண்ண வண்ண ஓடு. தூரத்திலிருந்து பார்த்தால் ரயில் நிலையம் என்றே நினைப்பீர்கள். வழிகாட்டியாக வந்த பெண், நாங்கள் முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டார். சொன்னேன். "நீங்கள் சாப்பிட்டது குயாஷே இல்லை" என்று ஆரம்பித்தவர்தான், நாலு மணி நேரம் ஓயவில்லை.

நாம் குலாஷ் என்று உச்சரிப்பதை ஹங்கேரிய மொழியில் 'குயாஷ்' என்கிறார்கள். 'குயா' என்றால் மாட்டு மந்தை. 'குயாஷ்' என்றால் மாடு மேய்ப்பவர். சமவெளியில் மந்தையோடு திரிந்தவர்கள் திறந்தவெளியில் தொங்கவிட்ட கொப்பரையில் காய்ச்சிய சாறுதான் பின்னால் அவர்கள் பேரையே வாங்கிக்கொண்டது. ஆக அது சூப். மாட்டுக்கறி, வெங்காயம், உருளை, கேரட், சீரகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு விதை, கடைசியில் விரலால் கிள்ளிப் போடும் மாவு. அந்த மாவுத் துண்டுக்குப் பெயரே கிள்ளல் என்ற பொருள் வருகிற 'சிபெட்கே'. வெளிநாட்டுக்காரர்கள் குலாஷ் என்று சொல்லும் கெட்டிக் குழம்புக்கு அங்கே 'பெர்கெல்ட்' என்று பெயர். அதிலேயே புளிப்பான பாலாடையைச் சேர்த்தால் 'பாப்ரிகாஷ்'. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் மெனுவைப் பார்த்து ஊகிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஹங்கேரிய மொழிக்குச் சுற்றியிருக்கும் ஜெர்மனோடும் ஸ்லாவிய மொழிகளோடும் உறவு கிடையாது. ஃபின்னிஷும் எஸ்தோனியனும் அதற்குத் தூரத்துச் சொந்தம். எனக்கு ஓரளவு ஜெர்மன் தெரியும், அது ஒரு பைசாவுக்கு உதவவில்லை. (நம்மைப்போலவே சொல்லுக்குப் பின்னால் விகுதி மேல் விகுதி ஒட்டுவார்கள், குடும்பப் பெயரை முன்னால் போடுவார்கள். அதனாலோ என்னவோ, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எனக்கு அந்த மொழியைப் பிடித்துப்போயிற்று.)

சந்தைக்குள் முதலில் மிளகாய்த்தூள் கடை. அந்தப் பெண் ஒரு காகிதத்தில் மூன்று தூளைக் கொட்டி நக்கிப் பார்க்கச் சொன்னார். ஒன்று இனிப்பு, ஒன்று இனிப்பும் கசப்புமாக, மூன்றாவது காரம். அவர்களுடைய காரம் நமக்குக் கூச்சம் மாதிரி. மாமனார் மூன்றாவதை இன்னொரு சிட்டிகை வாங்கி வாயில் போட்டுக்கொண்டதைக் கடைக்காரம்மா கண்கொட்டாமல் பார்த்தார். ஆனால் மணம் என்றால் அப்படியொரு மணம். சூட்டில் அது நொடியில் கருகிக் கசந்துவிடும் என்பதால், கொழுப்பில் வெங்காயம் வதங்கியதும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, தூளைப் போட்டுக் கிளறி, உடனே கறியையோ தண்ணீரையோ சேர்த்துவிட வேண்டும். இதைச் சொல்லும்போது வழிகாட்டியின் கையே பாத்திரத்தை இறக்கிக் காட்டியது. மிளகாய்த்தூளைக் கருகவிட்டு வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நம் மிளகாயும் அவர்கள் பாப்ரிகாவும் ஒரே செடிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி, நமக்குப் போர்த்துகீசியர் மூலம், அவர்களுக்குத் துருக்கியர் மூலம் வந்து சேர்ந்தது. நாம் காரத்தை வளர்த்தோம். அவர்கள் செகெட், கலொச்சா பக்கம் விதையையும் நரம்பையும் எடுத்துவிட்டு அரைத்தார்கள், பிறகு காரமே இல்லாத செடியையும் தேர்ந்து வளர்த்தார்கள். ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் செயின்ட் ஜார்ஜிக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்தச் செகெட் மிளகாய்க்கும் பங்கு உண்டு. ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி வைத்த பச்சைப் பாப்ரிகாவைச் சாப்பிடப் பிடிக்காமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனாராம். வைட்டமின் சி அதில் கொட்டிக் கிடந்தது. சாப்பாட்டு மேசையிலிருந்து நழுவ இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது பாலின்கா என்ற சாராயம். பழத்திலிருந்து மட்டுமே காய்ச்ச வேண்டும், சர்க்கரையோ வாசனையோ சேர்க்கக் கூடாது, குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால் என்று சட்டமே இருக்கிறது. கிராமத்தில் காலையிலேயே ஒரு சின்னக் கிளாஸ் போடுவது வழக்கமாம். மாமனார் எதிரில் காலை பத்தரைக்கு நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு முழித்ததை வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அவர் தன் கிளாஸையும் என் பக்கம் நகர்த்தி, "காசு குடுத்தாச்சு, வீணாக்காதீங்க மாப்ள" என்றுவிட்டு ஊறுகாய் பீப்பாய்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். இரண்டும் ஆப்ரிகாட். அடுத்த கடை வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டூரில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கறிக்கடை. ஒரு பக்கம் பச்சைக் கறி, இன்னொரு பக்கம் வெந்தது, நடுவில் நின்று சாப்பிட உயரமான பலகை. எடையைக் கிராமில் சொல்வதில்லை, 'தெகா' என்பார்கள், பத்துக் கிராம் ஒரு தெகா. குடலில் அடைத்துச் செய்யும் ஹுர்கா இருபது தெகா வாங்கினோம். காகிதத் தட்டில் கறி, ஓரத்தில் ஒரு கரண்டி கடுகு விழுது, ரொட்டி, உப்பில் ஊறிய வெள்ளரி. அவ்வளவுதான். ஈரலும் அரிசியும் அடைத்தது ஒரு வகை, ரத்தம் அடைத்தது இன்னொரு வகை. ரத்த வகையை வாயில் வைத்த மாமனார் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "வெங்காயம் கம்மி, மத்தபடி நம்ம பக்குவந்தான்" என்று சான்றிதழ் கொடுத்தார். பக்கத்தில் கோட் சூட் போட்ட ஒருவரும் சிமெண்ட் படிந்த பூட்ஸ் போட்ட ஒருவரும் அதே பலகையில் நின்று அதே கடுகைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

யூதர் குடியிருப்புப் பகுதியில் ஷோலெட்டும் ஃப்லோட்னியும். சனிக்கிழமை அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே அடுப்பில் ஏற்றி ராத்திரி முழுக்க வேகவிடும் பீன்ஸ்தான் ஷோலெட். ஃப்லோட்னி என்ற கேக்கில் கசகசா, ஆப்பிள், அக்ரூட், பிளம் ஜாம் என்று நாலு அடுக்கு. 1944 கடைசியில் இதே தெருக்களைச் சுவர் வைத்து அடைத்து, யூதர்களைச் சிறைவைக்கும் கெட்டோ ஆக்கினார்கள் என்று அந்தப் பெண் சொன்னபோது, கையிலிருந்த ஃப்லோட்னியை எல்லோரும் அப்படியே வைத்திருந்தோம்.

டோபோஷ் கேக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யோஷெஃப் டோபோஷ் 1885 கண்காட்சியில் வைத்தது, மேலே கண்ணாடி மாதிரி காய்ச்சிய சர்க்கரை, எனக்குத் திகட்டியது. பிற்பகலில் ஒயினில் சோடா கலந்த ஃப்ரெச். சோடாத் தண்ணீர் செய்யும் கருவியை அங்கே 1826இல் உருவாக்கியவர் அன்யோஷ் யெட்லிக் என்ற பாதிரியார். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கலவைக்கும் தனிப் பெயர். ஒன்றுக்குக் கட்டடக் காவலாளி, ஒன்றுக்கு நீண்ட காலடி. மாமனாருக்கு வெறும் சோடா.

இனி என் குறை. டூரின் பெயரில் 'பாரம்பரியம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தெருவெங்கும் ஐஸ்கிரீம் அடைத்து விற்கும் கூம்பு ரொட்டி திரான்சில்வேனியாவில் விசேஷத்துக்குச் சுடுவது. அதற்கு ஐஸ்கிரீம் யார் அடைத்தார்கள்? அதுகூடப் போகட்டும். நாலு மணி நேரமும் கறி, கொழுப்பு, சாராயம், சர்க்கரை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த ஊர்க்காரர் வீட்டில் என்ன சாப்பிடுவார் என்பது எங்கேயும் வரவில்லை. கேட்டேன். வழிகாட்டி சிரித்துவிட்டார். "ஃபோஸெலேக். பள்ளிக்கூடத்துச் சாப்பாடு. அதற்கு யார் காசு கொடுத்து வருவார்கள்?" நம் கூட்டு மாதிரி ஒன்று. காயையோ பயறையோ வேகவைத்து, மாவு சேர்த்துக் கெட்டியாக்கி, மேலே ஒரு முட்டை. நான் கொடுப்பேன் என்றேன். இந்த டூர்களில் சைவக்காரர்களுக்கு லாங்கோஷ் ரொட்டியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். அதையும் பழைய முறையில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆனாலும் அந்தப் பெண் நல்லவர். பிரியும்போது ஒரு துண்டுச் சீட்டில் ஹங்கேரியனில் இரண்டு வரி எழுதிக் கொடுத்து, ஒரு சின்ன மெஸ்ஸுக்கு வழி சொன்னார். மறுநாள் மத்தியானம் போனோம். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட மேசைகள், முக்கால்வாசி பேர் தனியாக வந்த வயசானவர்கள். சீட்டை நீட்டினேன். ஆழமான தட்டில் மஞ்சள் பட்டாணிப் பருப்பு, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம்.

மாமனார் ஒரு ஸ்பூன் எடுத்தார். "பருப்பு!" என்றார், தொலைந்த ஆளைக் கண்டுபிடித்த மாதிரி. தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்ததும், பரிமாறிய அம்மாவிடம் சைகையில் அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கள் ரயிலுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.