சும்மா படுத்துக் கிடக்கிறதா?

கரையில் படுத்துக் கிடக்கும் யானை சீல் என்ற ராட்சதக் கடல் விலங்கின் வீடியோவை யார் போட்டாலும் கீழே நாலு பேர் வந்து "ஞாயித்துக்கிழமை நான்", "கல்யாணத்துக்கு அப்புறம் நம்ம மாப்ள" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அண்டார்க்டிகா பக்கம், தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவில் அவற்றை நேரில் பார்த்தபிறகு இந்தச் சோம்பேறிப் பட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நாங்கள் போனது ஜனவரியில். உருவம் கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. ஒரு சேற்றுக்குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. பழைய சுவரில் பெயின்ட் உரிந்த மாதிரி தோல் திட்டுத்திட்டாகத் தொங்கியது. ஒன்று தும்மியது பாருங்கள், மூக்குச்சளி ஒரு முழத்துக்கு! எங்கள் கூட்டத்தில் ஒருவர் போட்டோவுக்காக விசிலடித்து அதன் தலையைத் தூக்க வைத்தார். வழிகாட்டி அதட்டியதும் "சும்மாதானே படுத்திருக்கு" என்றார்.

சும்மா இல்லை ஐயா. பழைய தோல் உரிந்து புது முடி முளைக்க, தோலுக்கு ரத்தம் ஓட வேண்டும். அந்த நேரத்தில் பனிக்கடலில் கிடந்தால் உடம்புச் சூடு போய்விடும். அதனால் கரையேறிப் பட்டினி கிடக்கிறது. சேர்த்து வைத்த கொழுப்புதான் சாப்பாடு. நாம் எழுப்பிவிடும் ஒவ்வொரு தடவையும் அதில்தான் கை வைக்கிறோம்.

வருடத்தின் பெரும்பகுதி அதற்குக் கடலில்தான். இருபது முப்பது நிமிடம் அடியில், மேலே வந்து ரெண்டு மூணு நிமிடம் மூச்சு, மறுபடி அடியில். இரவு பகல் கிடையாது. 2,000 மீட்டருக்கும் கீழே போனதெல்லாம் பதிவாகியிருக்கிறது. விஞ்ஞானிகள் தலையில் ஒரு சின்னக் கருவியை ஒட்டி அனுப்புகிறார்கள். கப்பல் நுழைய முடியாத பனிக்கடியில் வெப்பம், உப்பு எவ்வளவு என்று அளந்து கொண்டுவருவது இந்தச் 'சோம்பேறி'தான். தோல் உரியும்போது கருவியும் கழன்று விழுந்துவிடும், சம்பளம் கிடையாது.

4 டன் வரை வளரும் ஆண் சீல்களை எண்ணெய்க்காக அந்தத் தீவில் 1964 வரை கொன்றார்கள். அங்கே க்ரிட்விகன் என்ற பழைய திமிங்கில வேட்டை நிலையத்தில் துருப்பிடித்து நிற்கும் கொதிகலன்களுக்குப் பக்கத்திலேயே இன்று இவை படுத்துக் குறட்டை விடுகின்றன. தப்பிப் பெருகி வந்த இனத்துக்கு இப்போது பறவைக்காய்ச்சல். 2023-ல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் அந்த வருடம் பிறந்த குட்டிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் செத்தன. தெற்கு ஜார்ஜியாவின் பெரிய கரைகளில் குட்டி போட வந்த தாய்கள் 2022-க்கும் 2024-க்கும் இடையில் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டன.

நோயைக் கொண்டுவந்தது பறவைகள், சுற்றுலாப் பயணிகள் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். நோய் பரவாமல் இருக்க பூட்ஸைக் கழுவுகிறோம், தரையில் உட்காரக்கூடாது என்ற விதியையும் மதிக்கிறோம். போதாது என்பது என் கட்சி. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், எண்ணிக்கை தேறும்வரை அந்தக் கரைகளில் ஆள் இறக்கவே கூடாது. கப்பலில் இருந்தே பைனாகுலரில் பார்க்கட்டும். நீ மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்கு உபதேசமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், கமென்ட் திறந்துதான் இருக்கிறது.