சோற்றுப் பெட்டிக்கு ஆகாத ரெஜிபோம் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?

பள்ளிக்கூடக் கண்காட்சிக் காலம் வந்தால் மட்டக்களப்பில் புத்தகக் கடைக்குக் கடை ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பிளாஸ்டிக் அட்டை குவிந்து கிடக்கிறது. ‘சூழலைக் காப்போம்’ என்ற தலைப்புக்கு ரெஜிபோமில் மலை, பச்சைச் சாயம் பூசிய பஞ்சில் மரம், நீலக் கண்ணாடித்தாளில் வாவி. இரவிரவாக இருந்து வெட்டி ஒட்டுவது தாய் தகப்பன். கண்காட்சி முடிந்த கையோடு எல்லாம் வளவு மூலையில் எரிகிறது. வாவிக்கரையில் பிறந்து வளர்கிற பிள்ளைக்குக் கண்ணாடித்தாளில் வாவி செய்யப் பழக்குகிறோமே என்று, சித்திரம் படிப்பிக்கிற எனக்கு வயிறு எரிகிறது.

ரெஜிபோம் சோற்றுப் பெட்டியை 2017இலேயே இந்த நாட்டில் தடை செய்தாயிற்று. பிளாஸ்டிக் பூமாலைக்கு 2023இல் தடை வந்தது. சோறு கட்ட ஆகாதென்று தள்ளிய சாமானைச் சூழல் கண்காட்சிக்கு வாங்கி வரச் சொல்வது என்ன நியாயம்?

பிள்ளைகள் செய்வது வாடட்டும், உக்கட்டும், மாடு தின்றுவிட்டுப் போகட்டும். செய்ததையெல்லாம் அலுமாரியில் வைத்துக் காட்டத்தான் வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் விட்டுவிடுவோம்.

பிரித்தானியாவில் ஆண்டி கோல்ட்ஸ்வர்த்தி என்றொரு கலைஞர் இருக்கிறார். உதிர்ந்த இலைகளை முள்ளால் தைப்பார், பனிக்கட்டியைத் துண்டு துண்டாக ஒட்டுவார், படம் எடுத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிட்டு வருவார். உலகமே கொண்டாடுகிறது, கொண்டாடத் தக்க ஆள்தான். ஆனால் எங்கள் சனத்துக்கு இது புதிதில்லை. வைகாசியில் காரைதீவுக்கோ தம்பிலுவிலுக்கோ செட்டிபாளையத்துக்கோ போய்ப் பாருங்கள். வருசச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால், கடைசிச் சடங்கான குளிர்த்தி வரைக்கும் குருத்தோலையும் கமுகம் பூவும் வாழையும்தான் அலங்காரம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக்குக் காலையில் கட்டிய தோரணம் பின்னேரமே சுருண்டுவிடும். அதற்காக யாரும் கவலைப்படுவதில்லை. அடுத்த வருசமும் தென்னையில் குருத்து வரும், பின்னத் தெரிந்த கை இருந்தால் போதும். அந்தக் கைகள் குறைந்துகொண்டு போவதுதான் என் கவலை. ஓலையில் கிளியும் பாம்பும் குரும்பட்டியில் தேரும் செய்யத் தெரிந்த பிள்ளைகளை இப்போது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

போன தவணை கமுகம் மட்டையில் முகமூடி செய்தோம். விழுந்து கிடந்த மட்டையை இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் துணிபோல வளையும். வெட்டலாம், மடிக்கலாம், ஈர்க்கால் குத்தித் தைக்கலாம். காய்கிறபோது அது தன்பாட்டுக்குக் கோணும். ஒரு பொடியன் சிரிக்கிற ராசா முகம் வெட்டினான். காய்ந்ததும் வாய் ஒரு பக்கமாகக் கீழே இழுத்துவிட்டது. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சேர், ராசா நாட்டைத் தோத்திட்டார்” என்றான். அன்றைக்கு அவர்கள் ஆடிய நாடகத்தின் கதையே அதோடு மாறிப்போனது. ரெஜிபோம் ராசா எந்தக் காலத்திலும் நாட்டைத் தோற்கமாட்டார்.

இன்னொரு பிள்ளை காலையில் பூவரசம் பூக்களை வட்டமாக அடுக்கிவிட்டுப் போனாள். பின்னேரம் வந்து, மஞ்சளாக வைத்த பூவை யார் சிவப்பாக மாற்றினது என்று சண்டைக்கு நின்றாள். பூவரசம் பூ பொழுது சாயச் சாய அப்படித்தான் சிவக்கும். தினமும் அந்த மரத்தடியால் வந்து போகிற பிள்ளைகள்தான், ஆனாலும் அன்றைக்குத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஒரு தாய் என்னிடம் சொன்னா: “நாங்க இழந்தது காணும் சேர். புள்ளைட கைவேலையாவது வீட்டில கிடக்கட்டும்.” எனக்குப் பேச்சு வரவில்லை. 1978 சூறாவளி, யுத்தம், 2004 சுனாமி என்று ஒரு போட்டோகூட மிஞ்சாத வீடுகள் இந்தக் கரையில் எத்தனை! ஆசையாக ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் போனில் படம் எடுத்து வையுங்கள், அதில் பிழையே இல்லை. ஆனாலும் இதையும் நினைக்க வேண்டும். யுத்தத்துக்கு நடுவில், 1996இல், இதே மட்டக்களப்பில்தான் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதற்காக உழைத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மரம் செடிகளுக்கும் மிருகங்களுக்கும் நடுவில் ஒன்றாக இருந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். எல்லாவற்றையும் இழந்த பிள்ளைகளுக்கு மண்ணும் மரநிழலும் வேண்டியிருந்தன. இன்றைய பிள்ளைகளுக்கும் அவை வேண்டும்.

என் வகுப்பில் சில கட்டுப்பாடுகள் உண்டு. விழுந்ததைத்தான் பொறுக்கலாம், மரத்தில் இருப்பதைப் பிய்க்கக் கூடாது. கண்டல் கன்றில் கை வைக்கவே கூடாது. அலரி நஞ்சு, தொட வேண்டாம். வாவிக்கரைத் தில்லை மரத்தில் பால் வரும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஒரு தவணை கழியும்போது எது எந்த மரம் என்று தூரத்தில் நின்றே சொல்கிறார்கள். அதற்கென்று நான் தனியாக ஒரு பாடமும் எடுக்கவில்லை.

போட்டி வைக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. வீட்டில் செய்து கொண்டுவரச் சொல்லாமல், பிள்ளை இருந்து செய்கிற இடத்துக்கு நீங்கள் வந்து பார்த்துப் புள்ளி போடலாமே? கோயில்களில் குருத்துப் பின்னுகிற பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வருகிற வைகாசிக்குப் பந்தலுக்குள் பிள்ளைகளைக் கொஞ்சம் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஓலை வீணாகுமென்று யோசிக்க வேண்டாம். எங்கள் வளவுக் குருத்தை நான் வெட்டிக்கொண்டு வருகிறேன்.