மைல் குறைவு என்பதற்காக 911 வாங்காதீர்கள்

போர்ஷே 911 காரின் ஒரு தலைமுறையான 996-ஐ வாங்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று பிரிட்டனில் இருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்கள் அனுப்புகிற விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்தான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்: "வெறும் 31,000 மைல்தான் ஓடியது". அதற்காக ஐயாயிரம், ஆறாயிரம் பவுண்டு கூடுதலாகக் கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கூண்டில் வைக்காமல் ஓட்டுவதற்காக வாங்குகிறவர் என்றால், 31,000 மைல் ஓடி வெறும் முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகத்தோடு வரும் காரைவிட, 95,000 மைல் ஓடி, செய்த வேலைகளின் பில்கள் நிறைந்த ஒரு கொழுத்த ஃபைலோடு வரும் காருக்குத்தான் அதிக விலை தகும்.

996 ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1998-ல் முடிந்த 993-தான் காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட கடைசி 911. அதற்கு அடுத்து வந்த 996-ல் தண்ணீரால் குளிரும் எஞ்சின், முன்பாதி முழுக்க மலிவு மாடலான பாக்ஸ்டரோடு பகிர்ந்துகொண்டது, உடைத்து ஊற்றிய முட்டை என்று உலகமே கிண்டல் செய்த முன்விளக்குகள். பழைய ரசிகர்கள் மன்னிக்கவே இல்லை. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூழ்கும் நிலையில் இருந்த கம்பெனி பிழைத்து எழுந்தது பாக்ஸ்டரையும் 996-ஐயும் வைத்துத்தான். அந்த வெறுப்பால் பல வருடம் மிக மலிவான 911 இதுவாகவே இருந்தது. இன்றைக்கும் ஒரு நல்ல 993 விலைக்கு இரண்டு 996 வாங்கலாம். 3.4 லிட்டர், 300 குதிரைத்திறன், மெல்லிய உடம்பு, கைக்கு உயிரோடு பேசுகிற ஸ்டியரிங். இந்தக் காரை நான் மனதார நேசிக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, 996 என்றதும் எல்லோரும் பயப்படுகிற எஞ்சின் பேரிங் விஷயத்துக்கு வருவோம். எஞ்சினுக்குள் கிராங்க்கிலிருந்து கேம்ஷாஃப்ட்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஒரு இடைத்தண்டு (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐஎம்எஸ்) இருக்கிறது. அதன் ஃப்ளைவீல் பக்க முனையைத் தாங்குவதுதான் ஐஎம்எஸ் பேரிங். இது கிரீஸ் அடைத்து மூடிய பேரிங். வருடங்கள் போகப்போக அதன் சீல் தளர்ந்து எஞ்சின் ஆயில் மெல்ல உள்ளே போகும், கிரீஸைக் கழுவிவிடும், ஆனால் புது ஆயில் தாராளமாக உள்ளே வந்துபோக வழி கிடையாது. பேரிங் உடைந்தால் எஞ்சினே போச்சு. ஆரம்ப கால எஞ்சின்களில் இரட்டை வரிசை பேரிங், அது ஓரளவு கெட்டி. 2000-2001 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள், தொல்லை அதிகம் அதில்தான். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காகக் கூட்டு வழக்கு நடந்து 2013-ல் சமரசத்தில் முடிந்தது. 996-லேயே உயர்ரகங்களான GT3, டர்போ இரண்டிலும் இருப்பது வேறு எஞ்சின், மெட்ஸ்கர் என்பார்கள், அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

மைல் குறைந்த கார் என்றால் இந்தப் பயம் குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். வருடத்துக்கு ஆயிரம் மைல்கூட ஓடாத காரில் ஆயில் சரியாகச் சூடேறுவதே இல்லை, ஈரமும் அமிலமும் அதிலேயே தங்கும், அதே ஆயிலில்தான் பேரிங் மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் வீடு பாழாவது போலத்தான் இதுவும். பேரிங் மட்டுமா? ரப்பர் குழாய்கள் இறுகும், சஸ்பென்ஷன் புஷ்கள் வெடிக்கும், முன் பம்பரின் காற்றுத் துளைகளில் விழுந்த இலைகள் மக்கி அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டரையும் ஏசி கண்டென்சரையும் அரித்துவிடும். டயரின் பள்ளங்கள் தேயாமல் புதுசு போலவே இருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 1412 என்று இருந்தால் 2012-ல் செய்த டயர். அதில் மணிக்கு நூறு மைல் வேகத்தில் போக உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா?

ஓடோமீட்டர் சொல்வது உண்மைதானா என்று பார்க்கவும் வழி இருக்கிறது, இதைப் பலர் செய்வதில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரில் மொத்தம் எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடியது என்ற கணக்கு பதிவாகியிருக்கும். போர்ஷே தெரிந்த மெக்கானிக் தன் கருவியைச் செருகிச் சில நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார். மைலை மணியால் வகுத்துப் பாருங்கள். 60,000 மைல், 1,800 மணி என்றால் சராசரி 33 மைல் வேகம், நெடுஞ்சாலையும் ஊரும் கலந்து ஓடிய கார், நம்பலாம். அதே 60,000 மைலுக்கு 4,000 மணி என்றால் சராசரி 15. ஒன்று அது வாழ்நாள் முழுக்க லண்டன் நெரிசலில் ஊர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்க வேண்டும். அதே கருவி, தப்பான கியரில் போட்டு எஞ்சினை எல்லை மீறிச் சுழல வைத்தது எத்தனை தடவை, கடைசியாக எந்த மணியில் என்பதையும் சொல்லும். கடுமையான மீறலைக் குறிக்கும் இரண்டாம் எல்லைப் பதிவு சமீபத்திய மணிகளில் இருந்தால் நான் பேரம்கூடப் பேச மாட்டேன், கிளம்பிவிடுவேன்.

ஃபைல் என்று சொன்னேன் அல்லவா, நல்ல ஃபைல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் விற்ற 1999 மாடல் கார், ஒரு நண்பருக்காகப் பார்க்கப் போனேன். லட்சம் மைலை நெருங்கியிருந்தது. கறுப்பு ரிங் பைண்டர் ஒன்றை மேசையில் வைத்தார். ஒவ்வொரு பில்லும் தேதி வாரியாக, ஓரத்தில் பென்சிலில் மைல் கணக்கு. கிளட்ச் மாற்றிய பில்லில் ஐஎம்எஸ் பேரிங், ரியர் மெயின் சீல் (கிராங்க்கின் பின்முனை ஆயில் சீல்) இரண்டும் தனித்தனி வரியாக, பார்ட் நம்பரோடு. கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்த இடத்துக்கே போக முடியும், அதனால் கிளட்ச் மாற்றும்போதே இதையும் செய்தவர் காரைப் புரிந்துகொண்டவர். ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் அறுத்து மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் இருக்கிறதா என்று எடுத்த போட்டோக்களைக்கூட வைத்திருந்தார். இருக்கை ஓரத்தில் தோல் தேய்ந்திருந்தது, முன் பம்பரில் கல் பட்ட புள்ளிகள். விற்பனைக்காக எதையும் மறைக்கவில்லை. அந்தப் பெரியவருக்குக் கேட்ட விலையைக் கொடுக்கச் சொன்னேன்.

முத்திரை மட்டும் இருக்கிற சர்வீஸ் புத்தகத்துக்கு நான் தருகிற மதிப்பு மிகக் குறைவு. முத்திரை யார் வேண்டுமானாலும் குத்தலாம், என்ன வேலை நடந்தது என்று அது சொல்லாது.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் 2005-லிருந்து எல்லா எம்ஓடி (வருடாந்திரத் தகுதி) பரிசோதனையும், அன்றைய மைலும், ஆய்வாளர் எழுதிய குறிப்புகளும் இலவசமாக வரும். பிரேக் பைப் துரு என்று நான்கு வருடம் தொடர்ந்து எழுதியும் மாற்றாத ஓனர், யார் கண்ணுக்கும் தெரியாத பேரிங்கை மாற்றியிருப்பாரா? அப்புறம் முன் போனட்டைத் திறந்து அதன் உள்பக்கம் பாருங்கள். சேசிஸ் எண், பெயின்ட் எண், தொழிற்சாலையில் போட்ட ஆப்ஷன்களின் எண்கள் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்க வேண்டும். அதன் நகல் சர்வீஸ் புத்தகத்திலும் இருக்கும். போனட்டில் அது இல்லையென்றால் போனட் மாறியிருக்கலாம், ஏன் மாறியது என்று விற்பவர் சொல்லட்டும்.

விலையை எப்படிப் போடுவது என்றால், விளம்பரத்தில் கேட்கிற விலையை விட்டுவிடுங்கள், அது விற்பவருடைய ஆசை. ஏலத் தளங்களில் உண்மையில் விற்று முடிந்த விலைகளை எடுத்துக்கொள்ளுங்கள், அதே வருடம், மேனுவல் கியரா டிப்ட்ரானிக்கா (ஆட்டோமேட்டிக்), கூபேயா கூரை திறக்கும் கப்ரியோலேயா என்று பிரித்து. அதிலிருந்து, இன்னும் செய்யாத வேலையை எல்லாம் கழியுங்கள்: பேரிங், கிளட்ச், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், டயர். சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருந்தால் கழித்துப் பயனில்லை, எஞ்சினைப் பிரித்துச் செய்ய பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் போகும். இரண்டு புகைக்குழாயில் ஒன்று மட்டும் கரி பிடித்திருந்தால் சந்தேகப்படுங்கள், உள்ளே கேமரா விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பரிசோதனைக்குச் சில நூறு பவுண்டு ஆகும், அதைச் செலவு செய்ய மனம் வராதவர் இந்தக் காரைத் தொட வேண்டாம். பார்க்கப் போகும் முன்னால் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், போனதும் எஞ்சின் இருக்கும் பின் மூடிக்குள் கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்த எஞ்சின் எழுப்பும் முதல் சத்தத்தை நீங்களே கேட்க வேண்டும்.

மைல் குறைந்தால் சந்தை அதிக விலை கொடுக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. GT3 போன்றவற்றில் அது பெரிய தொகை. ஆனால் அந்த விலை, நீங்கள் ஓட்டாமல் இருந்தால்தான் நிற்கும். ஓட்டுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொடுத்த கூடுதல் பணம் கரையும். 95,000 மைல் கார் 1,05,000 ஆனால் விலையில் பெரிய மாற்றம் வராது, அதற்குள் நீங்கள் வேல்ஸ் மலைப்பாதைகளை எல்லாம் பார்த்துவிடலாம்.

வாங்கிவிட்டவர்கள் ஒன்று செய்யுங்கள். சாதாரண இன்சூரன்ஸ் போடாமல், ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகையில் போடுங்கள். கார் போட்டோக்களையும் பில்களையும் முன்கூட்டியே அனுப்பி மதிப்பை எழுத்தில் வாங்கிவிடலாம். இல்லாவிட்டால் கார் நொறுங்கிப்போன அன்றைக்கு, யாரும் பராமரிக்காத ஒரு 996 என்ன விலைக்குப் போகுமோ அதைத்தான் உங்கள் காருக்கும் தருவதாகச் சொல்வார்கள்.