வேண்டாம் என்பது பட்ஜெட் இல்லை

2024 நவம்பர் 14, வியாழக்கிழமையிலிருந்து என் டைம்லைன் முழுக்க ஒரே கொண்டாட்டம். 50-0. மேயர் பிராண்டன் ஜான்சன் கேட்ட 30 கோடி டாலர் சொத்து வரி உயர்வை சிகாகோ நகர கவுன்சிலின் ஐம்பது உறுப்பினர்களும், அவருக்கு நெருக்கமானவர்கள் உட்பட, ஒரே குரலில் தள்ளிவிட்டார்கள். "கவுன்சிலுக்கு இப்போதுதான் முதுகெலும்பு முளைத்திருக்கிறது" என்று நம் நண்பர் எழுதினார். அதன் கீழே நான் கேட்டது ஒன்றே ஒன்று: "சரி, அந்த 30 கோடிக்கு இனி என்ன வழி?" அதற்கு வந்த பதில்கள்தான் என்னை இப்போது எழுத வைக்கின்றன.

நானும் சிகாகோவில் சொத்து வரி கட்டுகிறவன்தான். 2015-ல் அப்போதைய மேயர் ராம் இமானுவேல் 58.8 கோடி டாலர் வரியை ஏற்றினாரே, அதற்கு அடுத்து வந்த ரசீதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வருட ஊர்ப் பயணத்தை நானும் மனைவியும் கைவிட்டோம். ஆகவே, வரி என்றால் என்ன வலி என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். கவுன்சில் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டதை நான் குறை சொல்லவும் இல்லை. 2023 தேர்தலில் சொத்து வரியை ஏற்றமாட்டேன் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர் அதே வரியோடு வந்து நின்றால் இப்படித்தான் நடக்கும். ஆனால் வேண்டாம் என்பது பட்ஜெட் இல்லை. 2025-க்கான பற்றாக்குறை ஏறக்குறைய 98 கோடி டாலர். வியாழக்கிழமை காலையிலும் அதே 98 கோடி, மாலையிலும் அதே 98 கோடி. 2024 டிசம்பர் 31-க்குள் வரவையும் செலவையும் சரிக்கட்டியாக வேண்டும்.

இன்னொரு வியாழக்கிழமையை நினைவிருக்கிறதா? 2008 டிசம்பர் 4. தெருவில் காரை நிறுத்தக் காசு போடும் பார்க்கிங் மீட்டர்களைக் குத்தகைக்கு விடப்போவதாக அன்றைய மேயர் ரிச்சர்ட் எம். டேலி அறிவித்தது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை கவுன்சில் 40-5 என்ற ஓட்டில் அதற்குச் சம்மதித்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு புதன்கிழமை. சுமார் 36,000 மீட்டர்கள், 75 வருடம், 115 கோடி டாலர். குத்தகைக்கு எடுத்தது மார்கன் ஸ்டான்லி வங்கி தலைமையிலான கூட்டம். மீட்டர்களின் மதிப்பைவிட 97.4 கோடி டாலர் குறைவாக நகரம் பணம் வாங்கிவிட்டது என்று, நகர நிர்வாகத்தைக் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரலே அடுத்த வருடம் அறிக்கை கொடுத்தார்.

அன்றைக்கும் காரணம் இதேதான். பற்றாக்குறை இருந்தது, சொத்து வரியை ஏற்ற யாருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் விதைநெல்லை அவித்துத் தின்றார்கள். 2011-ல் டேலி பதவியை விட்டு இறங்கும்போது அந்தப் பணத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது. குத்தகை மட்டும் 2083 வரை இருக்கிறது. போட்ட பணத்தை அவர்கள் எப்போதோ எடுத்தாயிற்று. என் பேரப்பிள்ளைகள் டெவான் அவென்யூவில் காரை நிறுத்திக் காய்கறி வாங்கினாலும் அந்தக் காசு நகரத்துக்கு வராது.

நான் அப்போது டெவான் பக்கம் வாடகைக்கு இருந்தேன். மணிக்கு 25 சென்டாக இருந்த மீட்டர் ஒரே அடியில் ஒரு டாலர் ஆனது, பிறகு இரண்டு டாலர். காரில் கால் டாலர் நாணயங்களுக்கென்றே ஒரு ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட வேண்டும், திருவிழாவுக்குத் தெருவை மூட வேண்டும் என்றால் இழந்த மீட்டர் வருமானத்துக்கு நகரம் அந்தக் கம்பெனிக்கு ஈடு கொடுக்க வேண்டும். நம் தெருவை நாம் பயன்படுத்த நாமே கட்டணம் கட்டுகிறோம். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

"முதலில் வீண் செலவைக் குறைக்கட்டும்" என்று ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தீர்கள். குறைக்கட்டும், போலீஸ் ஓவர்டைமிலிருந்தே தொடங்கட்டும். ஆனால் நகரத்தின் நான்கு பென்ஷன் நிதிகளிலும் சேர்த்து விழுந்திருக்கும் பள்ளம் 3,500 கோடி டாலருக்கும் மேல். எது வீண் என்று பெயர் சொல்லுங்கள், தொகை சொல்லுங்கள். "வீண் செலவு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பதிலாகத் தெரியவில்லை.

"பென்ஷனை வெட்டு" என்றார் இன்னொருவர். 1970-ல் எழுதிய எங்கள் இல்லினாய் மாநில அரசியல் சட்டம், கொடுத்த பென்ஷனைக் குறைக்கக் கூடாது என்கிறது. இமானுவேல் முயன்று பார்த்தார். 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடம் நகரத்துக்கு வேலை பார்த்தவர். சிகாகோ நகர ஊழியர்களுக்கு அந்த வேலைக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற மத்திய அரசு ஓய்வூதியம் கிடையாது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த பென்ஷன்தான் அவருக்கு எல்லாம். ஒவ்வொரு சம்பளத்திலும் அவர் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். நகரம் மட்டும் பல வருடங்களாக, தேவை எவ்வளவு என்று பார்க்காமல், ஊழியர் போட்டதில் இத்தனை மடங்கு என்ற பழைய கணக்கில் குறைவாகப் போட்டுக்கொண்டே வந்தது. அதற்கு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தது. வேண்டாம், வேண்டாம் என்று தள்ளிப்போட்ட வருடங்கள்தான் இந்த 3,500 கோடி. இலை கூட்டிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்: "இந்த முறை எதை விற்கப் போகிறார்கள்?" அவரிடம் போய் பென்ஷனை வெட்டுவோம் என்று நான் சொல்ல வேண்டுமா?

"உங்களுக்கு நல்ல வேலை இருக்கிறது அண்ணா, வாடகைக்கு இருப்பவன் என்ன செய்வான்?" என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வரி ஏறினால் வாடகையும் ஏறும், எனக்குத் தெரியும். முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் மீட்டர் விலை ஏறியபோதும் முதலில் அடிபட்டது வாடகைக்கு இருந்தவர்கள்தான், தம்பி. வீட்டுக்காரருக்கு வீட்டின் பின்னால் கராஜ் இருந்தது, எனக்கு இல்லை.

கடைசியாக வந்த கமெண்ட் ஒன்று. "பிழைக்க வந்த ஊரில் சம்பாதித்தோமா, இருந்தோமா என்று இருங்கள், நமக்கெதற்கு இந்த ஊர் அரசியல்?" எழுதியவர் என் நண்பர், நம் வீட்டில் சாப்பிட்டவர். பத்தொன்பது வருடம் இந்த ஊரில் பனி வாரியிருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் இந்த நகரத்துப் பள்ளியில்தான் படித்தார்கள். சொத்து வரி ரசீதில் பாதிக்கு மேல் அந்தப் பள்ளிகளுக்குப் போகிறது என்பதால்தான் அதை முணுமுணுக்காமல் கட்டினேன். இன்னும் எத்தனை வருடம் கட்டினால் இது என் ஊர் ஆகும்?

ஸ்கைவே என்ற சுங்கச் சாலையை 2005-ல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. மீட்டர்கள் போயாயிற்று. கோவிட் காலத்தில் வாஷிங்டன் கொடுத்த 190 கோடி டாலருக்கும் முடிவு வந்துவிட்டது. எதற்கு வேண்டாம் என்று ஐம்பது பேரும் சொல்லிவிட்டீர்கள், எதற்குச் சரி என்று இன்னும் சேர்ந்து சொல்லவில்லை.

நேற்று எங்கள் வார்டின் கவுன்சில் உறுப்பினரான ஆல்டர்மேனின் அலுவலகத்துக்கு போன் செய்து, அவர் எந்த வரிக்கு, எந்த வெட்டுக்கு ஆதரவாக ஓட்டுப் போடுவார் என்று கேட்டேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டு, என் விலாசத்தையும் எழுதிக்கொண்டார். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். நீங்களும் உங்கள் வார்டில் கேட்டுவிட்டு கமெண்டில் எழுதுங்கள்.