லைன் அறுந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் பூவனூர். சாமியே சதுரங்கம் ஆடி ராஜராஜேஸ்வரியைக் கைப்பிடித்ததாகச் சொல்லும் சதுரங்க வல்லபநாதர் கோயில் ஊர். அங்கே வேண்டிக்கொண்டு காய் நகர்த்தக் கற்றவள் என் அக்கா மகள். இப்போது எட்டாம் வகுப்பு. சாயங்காலமானால் ஆன்லைனில், ஆளுக்கு 3 நிமிடம் மட்டும் தரும் சதுரங்க ஆட்டம் ஆடுவாள்.

ஐப்பசி முழுக்க அவள் அழுதுகொண்டிருந்தாள். ஜெயிக்கிற ஆட்டத்தில் இணைய லைன் போய்விடும். திரும்ப வருவதற்குள் கடிகாரம் ஓடி முடிந்திருக்கும். "எந்நேரமும் அதையே நோண்டினா இப்படித்தான்" என்று அக்கா அவளையே திட்டினாள். கேபிள்காரர், "100 எம்பி பத்தாதுங்க, 200 போட்டுக்குங்க" என்றார். போட்டோம். மறுநாளும் அறுந்தது.

என் ஆதங்கமே இதுதான். எதற்கெடுத்தாலும் வேகத்தை விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். ஒரு காய் நகர்த்த ஒரு குறுஞ்செய்தி அளவு தகவல் போய்வந்தால் போதும். போனில் ஆடும் சண்டை விளையாட்டுக்குக்கூடப் பெரும்பாலும் 1 எம்பி தாராளம். வேண்டியது இடைவிடாமல் வருவது. கடைமடைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வழியில் உடைப்பு இருந்தால், தலைப்பில் வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் நம் வயலுக்குத் தண்ணீர் வராது. உடைப்பு எங்கே என்று முதலில் பார்க்கணும்.

ஒரு நாள் லேப்டாப்பில் இரண்டு ஜன்னல் திறந்து பிங் ஓடவிட்டேன். சின்னத் தகவல் ஒன்றை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதுதான் பிங். ஒன்று வீட்டு ரூட்டருக்கு, இன்னொன்று வெளியே இணையத்துக்கு. ரூட்டருக்கே பதில் தாமதமானால் கோளாறு வீட்டுக்குள். அது சீராக இருந்து வெளியே மட்டும் நின்றால் கோளாறு வாசலுக்கு அப்பால்.

எங்களுக்கு இரண்டுமே இருந்தது. அவள் உட்காருவது வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டில். நடுவில் பழைய காலத்துச் சுவர்கள். ரூட்டருக்குப் போய்வர 2 மில்லிசெகண்ட் ஆக வேண்டியது அங்கே 300ஐத் தாண்டியது. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அந்தச் சுவரைத் தாண்டவே இல்லை, இன்னொரு அலைவரிசையான 2.4இல் பக்கத்து வீட்டு ரூட்டர்களின் நெரிசல். வயர் இழுத்து லேப்டாப்பில் நேராகச் செருகினோம். அந்தப் பாதி அன்றைக்கே தீர்ந்தது.

மீதி, காற்றடிக்கும்போதெல்லாம் வந்தது. லேப்டாப்பில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஃபைபர் வழியாக வரும் ஒளியின் அளவு மைனஸ் 29 டிபிஎம். டிபிஎம் என்பது ஒளியின் பலத்தை அளக்கும் அலகு, மைனஸ் எண் கூடக் கூட ஒளி மங்கல். வீட்டு இணைப்பில் மைனஸ் 27க்குக் கீழே போனாலே லைன் தள்ளாடும். இந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் கேபிள்காரர் ஏணியோடு வந்தார். குறுவை அறுப்பில் வைக்கோல் ஏற்றிப் போன லாரி தெருமுனையில் கேபிளை இழுத்திருக்கிறது. கம்பத்தில் கட்டியிருந்த இடத்தில் ஃபைபர் முறுக்கி மடிந்து கிடந்தது. ஃபைபர் இறுக்கமாக மடிந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். வெட்டி ஒட்டினார். மைனஸ் 21க்கு வந்தது.

கரண்ட் கண் சிமிட்டினாலும் ரூட்டர் எழுந்திரிக்க இரண்டு நிமிடம் ஆகிறது. அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தோம். வேகம் கூட்டும் ஆப், டிஎன்எஸ் (இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) மாற்றுவது எல்லாம் இந்த மாதிரிக் கோளாறுக்கு ஆகாது. காசையும் நேரத்தையும் அதில் விடாதீர்கள்.

2020 ஆகஸ்ட் 30 அன்று ஆன்லைன் சதுரங்க ஒலிம்பியாட் இறுதிச்சுற்றில் இந்திய அணியில் ஆடிய நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போய், நேரம் முடிந்து தோற்றதாகக் காட்டியது. இந்தியா முறையிட்டது, கடைசியில் இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சேர்த்தே தங்கம் கொடுத்தார்கள். வீட்டில் ஆடும் பிள்ளைக்காக முறையிட யார் இருக்கிறார்கள்? நாம்தான். அவள் "நான் தப்பா ஆடலை மாமா" என்று சொன்ன முதல் நாளே நான் நம்பியிருக்க வேண்டும்.

கஜா புயலுக்கு அப்புறம் கம்பமெல்லாம் புதிதாக நட்டார்கள். அதில் ஃபைபரைக் கைக்கெட்டும் உயரத்தில் கட்டினால் எப்படி நிற்கும்? தை பிறந்தால் சம்பா அறுவடை, வைக்கோல் லாரி மறுபடி வரும். அதற்குள் எங்கள் தெருமுனைக் கேபிளைத் தூக்கிக் கட்டித் தரும்படி தெருவில் எல்லோரும் சேர்ந்து கேட்டிருக்கிறோம். உங்கள் தெருவிலும் இன்றைக்கு ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.